நாலு வருஷம் யாருக்கும் கோபம் வரவில்லை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற வாத்தியார் என்று என்னைக் கேலி பேசியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. ஒரு கோயில் சம்பந்தப்பட்ட பேச்சு, அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். பகிர்ந்தவர் எனக்குத் தம்பி முறை. அதற்குக் கீழே மாப்பிள்ளை முறை ஆகிற ஒருவர் இரண்டு வரி எழுதினார். தம்பி நாலு வரி எழுதினார். ராத்திரி பத்து மணிக்குள் பேச்சு காணொளியை விட்டுவிட்டு, யாருடைய அப்பா யாருக்கு என்ன செய்தார் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு பேர் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்த காதுகுத்துக்கு ஒரு வீட்டார் வரவில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், வருகிற தை மாதம் தம்பி வீட்டில் கல்யாணம். நம்ம பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் வந்து இணைச்சீர் செய்யாமல் எதுவும் நகராது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அக்காவின் வீட்டுக்காரர்தான் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனவர். "நீங்க பெரியவங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று இரண்டு பக்கமும் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது வரலாறு மட்டும்தான். அதனால் அதையே சொல்கிறேன். இரண்டு பேரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கோபத்தைப் பற்றி.

கொங்குப் பகுதியில் மரியாதை என்பது வார்த்தையின் வாலில் இருக்கிறது. அஞ்சு வயசுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா" என்று கூப்பிடுகிற ஊர் இது. அந்த "ங்க" ஒரு நாள் விட்டுப் போனால், திட்டே தேவையில்லை, அதுவே சண்டைக்குப் போதும். வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு இது புரிய நாளாகும். எங்கள் பள்ளிக்கு வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்த ஆசிரியர் ஒருவர் பாசமாகத்தான் எல்லாரையும் "வா, போ" என்பார். ஆறு மாதம் அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அவருக்குக் காரணமே தெரியவில்லை. ஒருவருக்கு நெருக்கமாகப் படுவது இன்னொருவருக்கு அவமதிப்பாகப் படுகிறது. இதில் யார் பக்கம் தவறு என்று சொல்வீர்கள்?

இதே ஊரில்தான் "கோயம்புத்தூர்க் குசும்பு" என்ற ஒன்றும் இருக்கிறது. முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ங்க" போட்டு மரியாதையாகவே ஆளைக் காலி செய்துவிடுவார்கள். அதைக் கேட்டவரும் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் அந்தக் கேலிக்கும் முறை உண்டு. மாமன் மச்சான் முறையில் இருப்பவர் என்ன சொன்னாலும் சிரிப்பு. அதே வார்த்தையைப் பங்காளி சொன்னால் பஞ்சாயத்து. வார்த்தை ஒன்றுதான். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த இடத்தில் சொன்னார் என்பதுதான் அது விளையாட்டா அவமதிப்பா என்று தீர்மானிக்கும். இந்த மூன்றையும் கத்தரித்துவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துப் போனால் எந்தக் கேலியும் வசைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்துக் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இன்னார் இன்னார்மேல் கோபம் என்று ஊருக்கே தெரியும். பேச்சுவார்த்தை இருக்காது, நோம்பிக்கு வீட்டுக்கு வரமாட்டார்கள், எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் நீளும். ஆனால் அதற்கு ஒரு முடிவும் இருந்தது. கல்யாணம் வந்தால் இணைச்சீருக்கு ஆள் வேண்டும், வெற்றிலை பாக்கோடு போய் நிற்க வேண்டும். எழவு விழுந்தால் எந்தப் பகையாக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். கோபத்துக்கு இப்படிக் கெடு வைத்திருந்தார்கள் நம் முன்னோர்.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளும் உரிமையே எல்லாருக்கும் இல்லாத காலம் அது. சேரிக்காரர் ஒருவரை ஊர்க்காரர் எப்படிக் கூப்பிட்டாலும் அவர் மனம் புண்பட்டது என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அதற்கும் தண்டனை உண்டு. என் பெரியம்மா ஒருவருக்குக் குழந்தை இல்லை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொட விடமாட்டார்கள். "வறடி" என்ற சொல்லை அவர் காதுபடவே சொல்வார்கள். ஒரு நாளும் அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். பெரியம்மாவைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டி வரும்.

இனி வரலாறு.

1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தினார். ஊர்வலம் போனபோது எதிர்ப்பாளர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். பெரியாரை நோக்கிச் செருப்பு வீசப்பட்டது என்றும், அந்தச் செருப்பை எடுத்துத்தான் ஊர்வலத்தில் வந்தவர் ராமர் உருவத்தை அடித்தார் என்றும் திராவிடர் கழகத்தார் சொல்கிறார்கள். எதிர்த்தரப்பு சொல்லும் கதை வேறு. சோ நடத்திய துக்ளக் அந்தப் படங்களை வெளியிட்டது. அரசு அந்த இதழ்களைப் பறிமுதல் செய்தது. பறிமுதல் என்றதும் அதுவரை அந்தப் பத்திரிகையைத் தொட்டே பார்க்காதவர்களும் அதைத் தேட ஆரம்பித்தார்கள். மார்ச் மாதம் சட்டமன்றத் தேர்தல். ராமர் படம் பிரசாரத்தில் ஊர் ஊராகப் போனது. தி.மு.க. தோற்றுவிடும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். 184 இடங்களில் வென்றது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. சுவரொட்டியில் தெரிகிற கோபத்தின் அளவும் மக்கள் மனசில் இருக்கிற கோபத்தின் அளவும் ஒன்றல்ல. அடுத்தது, அச்சில் ஏறிய கோபம் சாவதில்லை. 2020 ஜனவரியில் துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் அந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேசினார். 49 வருஷத்துக்கு முன் நடந்தது நேற்று நடந்ததுபோல மறுபடியும் கிளம்பியது. புகார்கள் போயின. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்து, ஒரு பத்திரிகைக் கட்டுரையின் நகலைக் காட்டினார். சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் 1971இல் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்தது எனக்கு வலிக்கிற இடம்.

திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 2010இல் "மாதொருபாகன்" என்ற நாவலை எழுதினார். காலச்சுவடு வெளியிட்டது. அப்போது அவர் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். கதை சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. காளி, பொன்னா என்று ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கும் கணவன் மனைவி. குழந்தை இல்லை. ஊர் வாய் அவர்களைச் சும்மா விடவில்லை. அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தையில்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆடவரோடு கூடிப் பிள்ளை பெறுவது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது என்றும், அப்படிப் பிறந்த பிள்ளையைச் சாமி கொடுத்த பிள்ளை என்பார்கள் என்றும் நாவலில் வருகிறது.

2010இல் புத்தகம் வந்தது. விற்றது, பேசப்பட்டது, மறுபதிப்புகள் வந்தன. 2013இல் அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. அதுவரை யாருக்கும் கோபம் வரவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று வந்தது. புத்தகத்தைத் தெருவில் எரித்தார்கள். 2015 ஜனவரி 9இல் திருச்செங்கோட்டில் கடையடைப்பு. ஜனவரி 12இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை. அதில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டி வந்தது. அடுத்த இரண்டொரு நாளில் அவர் தன் முகநூல் பக்கத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாகவும் இனி வெறும் ஆசிரியனாக மட்டும் இருக்கப்போவதாகவும் அறிவித்தார்.

நாலு வருஷம் வராத கோபம் எப்படி வந்தது? புத்தகம் மாறவில்லை. கோயில் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து, வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, கட்டுக்கட்டாக ஊரில் கொடுத்தார்கள். அதற்குமுன் அந்த நாவல் இலக்கிய வாசகர் கையில் இருந்தது. இப்போது நாவல் இல்லாமல் அந்தப் பக்கங்கள் மட்டும் டீக்கடைக்கும் கோயில் வாசலுக்கும் போயின. கைப்பேசியிலும் சுற்றின.

அந்த நகல் என் கைக்கும் வந்தது. அப்போது நான் சங்ககிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலையில் இருந்தேன். உடன் வேலை பார்த்தவர் ஒருவர் கொண்டுவந்து, "பாருங்க சார், நம்ம தாய்மாரைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு" என்றார். படித்தேன். உடம்பு எரிந்தது என்பது உண்மை. அந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் என் உறவிலேயே உண்டு. "எங்கம்மாவைக் கேக்கற மாதிரி இருக்குதுங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் கண் கலங்கினார். அவர் நடிக்கவில்லை. எந்தக் கட்சிக்காரரும் இல்லை. ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் அப்படியே போட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவருடைய வலியை நான் இன்றும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு மனுவை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். எப்படியோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நலம் விசாரித்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சார், நீங்க அந்தப் பொஸ்தகத்தைப் படிச்சீங்களா சார்?"

இல்லை என்றேன். அவன் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சரிங்க சார், உடம்பைப் பாத்துக்கங்க என்று வைத்துவிட்டான். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளில் நான் கரும்பலகையில் எழுதுவது "மூல ஆவணத்தைப் பார்" என்பதைத்தான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சொல்லக் கேட்டு முடிவு கட்டாதே, எந்த ஆவணமானாலும் முன்னும் பின்னும் படி என்று இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். நாலு பக்க நகலைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த மாணவனே ஒரு பழைய பிரதியை அனுப்பிவைத்தான். கோடை விடுமுறையில் படித்தேன். கோடு போட்ட வரிகள் எல்லாம் அதில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஊர் வாய் ஒரு பெண்ணை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. விதைக்கிற வேலையில்கூட அவளை ஒதுக்குகிறார்கள். எனக்குப் பெரியம்மா நினைவு வந்து, புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பட்ட அவமானத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியவரை எதிர்த்து நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வழக்கம் உண்மையில் இருந்ததா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதம் செய்யட்டும். அதுவே சரியான வழி. அந்த வழியை நாங்கள் அடைத்தோம்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் உள்ளிட்டோர் உயர்நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலை 5இல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விட்டுவிடலாம், அவர் மறுபடியும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். அவரும் மறுபடி எழுத வந்தார். 2023இல் அவருடைய "ஆளண்டாப் பட்சி" ஆங்கிலத்தில் வந்து ஜேசிபி இலக்கியப் பரிசு பெற்றது. அன்று எங்கள் குழுவில் "நம்ம ஊர்க்காரர்" என்று பெருமையாகப் பகிர்ந்தவர்களில், மனுவில் எனக்கு மேலே கையெழுத்துப் போட்டவரும் ஒருவர். கோபம் இப்படித்தான் போகிறது, மக்களே. வந்த வழி யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கில் ஒரு செய்தித்தாள் 2005 செப்டம்பர் 30இல் நபிகள் நாயகம் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. அங்குள்ள முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பல நாட்டுத் தூதர்கள் பிரதமரைச் சந்திக்கக் கேட்டார்கள், அவர் சந்திக்க மறுத்தார். உலகெங்கும் கலவரமாக அது வெடித்தது 2006 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும்தான். நடுவில் நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் ஒரு கோப்பு மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போனது. அந்தச் செய்தித்தாள் வெளியிடாத, அதைவிட மோசமான படங்களும் அந்தக் கோப்பில் இருந்தன. மதிக்கும் ஒருவரைக் கேலி செய்தால் வருகிற வலி உண்மை. நேரில் பேசித் தீர்க்கக் கிடைத்த வாய்ப்பைப் பிரதமர் தட்டிக்கழித்ததும் உண்மை. ஆனால் பல ஊர்களில் தெருவுக்கு வந்தவர்கள் அந்தச் செய்தித்தாளைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. திருச்செங்கோட்டில் நாலு வருஷம், அங்கே நாலு மாதம். இரண்டு இடத்திலும் நடுவில் ஒரு கட்டுக் காகிதம்.

இப்போது நாலு வருஷமும் வேண்டாம், நாலு மாதமும் வேண்டாம். நம்ம அன்னபூர்ணா விஷயம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2024 செப்டம்பர் 11, கொடிசியாவில் தொழில்துறையினரோடு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துரையாடல். அன்னபூர்ணா சீனிவாசன் எழுந்து வரிக் குழப்பத்தைச் சொன்னார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12. பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18. க்ரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் வாடிக்கையாளர்கள் என்றார். பக்கத்தில் இருந்த எம்எல்ஏ வானதி சீனிவாசனையும் எங்கள் வாடிக்கையாளர் என்று சொல்லி இழுத்தார். அரங்கம் சிரித்தது. அசல் கோயம்புத்தூர்க் குசும்பு, "ங்க" குறையாத மரியாதையோடு.

அரங்கத்துக்குள் இருந்தவரை அது ஒரு வியாபாரியின் மனு. துண்டாக வெட்டி வெளியே வந்ததும், அமைச்சரை ஒருவர் கலாய்த்துவிட்டார் என்று சிலர் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தைப் பார்த்து மற்றவர்களுக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவர் அமைச்சரைத் தனியாகச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அந்தச் சந்திப்பின் காணொளியும் வெளியே வந்தது. இப்போது கோபம் இந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதரை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று டெல்லி வரை அறிக்கைகள். 13ஆம் தேதி பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை, தனிப்பட்ட உரையாடலைத் தங்கள் கட்சியினர் பகிர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். மூன்று நாளில் இரண்டு மன்னிப்பு. அந்த மூன்று நாளும் தொலைக்காட்சி விவாதங்களில் மானம், அவமானம், மன்னிப்பு எல்லாம் வந்தன. காரத்துக்கு ஏன் 12 சதவீதம் என்ற கேள்விதான் வரவில்லை. அடுத்த வருஷம் 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களை மாற்றியபோது பாக்கெட் மிக்சர், கேக், பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்தன. அதைப் பற்றி எங்கள் குழுவில் வந்தது ஒரே ஒரு செய்தி. யாரும் சண்டை போடவில்லை.

நான் முன்னால் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். யார், யாரிடம், எந்த இடத்தில் என்ற மூன்றையும் கத்தரித்துவிட்டால் கேலி வசையாகிவிடும். கைப்பேசி செய்கிற வேலை இதுதான். முன்பு இதற்கு ஒரு நகல் கடையும் நாலு ஆட்களும் தேவைப்பட்டார்கள். இப்போது ஒரு விரல் போதும். கத்தரித்ததை ஊரெல்லாம் கொண்டுபோவதில் ஆள் வைக்காமலே லாபம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் இதைப் படிக்கிற இதே முகநூலில், 2017இல் தொடங்கிச் சில காலம், ஒரு பதிவுக்குக் கோபப் பொம்மை போட்டால் அதற்கு விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தபோது அது தெரியவந்தது. கோபம் அதிகம் வந்த பதிவை அதிகம் பேருக்குக் காட்டு என்பதுதான் அதன் பொருள். பிறகு அதை மாற்றிக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாமல் செய்ததும், வதந்தியை நம்பி ஆட்களை அடித்துக் கொன்ற பிறகுதான்.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் இந்தப் பாடம் முழுமையாகாது. கடையடைப்பு நடந்த அதே 2015இல், ஜூன் மாதம், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு வந்த பொறியியல் படித்த தலித் இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். நம் சாதிப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் காரணம். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023இல் உயர்நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரின் தண்டனையை உறுதி செய்தது. நாவலுக்காக ஜனவரியில் கையெழுத்துப் போட்ட நான், ஜூனில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. யாரும் நீட்டவில்லை, நானும் தேடிப் போகவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய கதைக்கு எரிந்த உடம்பு, கண்முன் நடந்த கொலைக்கு எரியவில்லை. எதற்குக் கோபப்பட வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கவில்லை, என் கைக்கு வந்த காகிதம் தீர்மானித்தது என்று அப்போதுதான் புரிந்தது. பெரியம்மா விஷயத்திலும் அப்படித்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவருக்காக நாங்கள் யாரும் கோபப்பட்டதில்லை.

அதனால் யாரும் கோபப்படாதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. கோபப்பட வேண்டியவை ஊரில் நிறைய இருக்கின்றன. அது உங்களுடைய கோபம்தானா, யாராவது கோடு போட்டுக் கொடுத்ததா என்று மட்டும் பாருங்கள். முழுதாகப் படித்தேனா, முழுதாகக் கேட்டேனா என்று பாருங்கள். போன் செய்த அந்த மாணவன் இந்தப் பதிவையும் படிப்பான். அன்று உனக்கு நான் பதில் சொல்லவில்லை, தம்பி. இதுதான் பதில்.

கடைசியாக, எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. அந்த அரை நிமிடக் காணொளியின் முழு வடிவத்தைத் தேடிப் பிடித்தேன். நாற்பது நிமிடம். முழுதாகக் கேட்டேன். தம்பி நினைத்ததும் அதில் இல்லை, மாப்பிள்ளை நினைத்ததும் இல்லை. பேசியவர் பாதி நேரம் கோயில் குளத்தைத் தூர்வாருவது பற்றித்தான் பேசுகிறார். அதைக் குழுவில் போடப் போவதில்லை. போட்டால் அதையும் யாராவது வெட்டுவார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் தம்பியும் நேரில் வருகிறோம், மாப்பிள்ளை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வருகிறோம். காணொளியைப் பற்றிப் பேச வேண்டாம். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் நாற்பது நிமிடத்தையும் உட்கார்ந்து ஒன்றாகக் கேட்டுவிட்டுப் பேசலாம். அம்மிணியை இணைச்சீருக்கு அனுப்பி வையுங்கள். மற்றச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், ஓடியா போகிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்